மீனை விடுவதா, ஆற்றைக் காப்பதா? – மேடிசன் ஆறு சொன்ன பதில்

ஆற்றில் மீன் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்? பண்ணையில் குஞ்சு பொரித்து, வளர்த்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆற்றில் விட்டால் போயிற்று! யாரைக் கேட்டாலும் முதலில் இந்தப் பதில்தான் வரும். அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு வருடங்கள் அரசாங்கமே இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

1974-ல் மொன்டானா மாநிலம் இதற்கு நேர்மாறான ஒரு முடிவை எடுத்தது. டிரவுட் மீன்கள் தாமாகவே பிறந்து வளரும் ஆறுகளில் இனிமேல் பண்ணை மீன்களை விடுவதில்லை என்பதுதான் அந்த முடிவு. மீன் விடுவதை நிறுத்தினால் மீன் பெருகும் என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது அல்லவா? ஆனால் நடந்தது அதுதான். அது எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

கைக்குள் வந்த முட்டை

டிரவுட் குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில் வாழும் மீன். பெண் மீன் கூழாங்கற்கள் நிறைந்த ஆற்றுப் படுகையில் வாலால் அடித்து அடித்துப் பள்ளம் பறித்து முட்டையிடும். ஆண் மீன் அதன் மேல் விந்தைப் பாய்ச்சும். பிறகு பெண் மீன் கற்களைத் தள்ளி முட்டைகளை மூடிவிடும். கல் இடுக்குகளின் வழியே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. சேறு வந்து அடைத்தாலோ தண்ணீர் வற்றினாலோ முட்டை செத்துவிடும். பொரிந்து வெளியே வரும் குஞ்சுகளிலும் பெரும்பாலானவை முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை.

இந்த வேலையை மனிதன் தன் கையாலேயே செய்ய முடியும் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டீபன் லுட்விக் யாக்கோபி காட்டிவிட்டார். பெண் மீனின் வயிற்றைப் பதமாக அழுத்தினால் முட்டை பாத்திரத்தில் விழும். ஆண் மீனையும் அப்படியே அழுத்தி இரண்டையும் கலந்தால் கரு பிடித்துவிடும். 1840-களில் பிரான்சின் வோஸ்ஜ் மலைப்பகுதி மீனவர்களான ரெமியும் ஜெஹினும் இதே முறையைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். 1850-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு ஹூனிங் என்ற இடத்தில் பெரிய பொரிப்பகமே கட்டிவிட்டது. 1853-ல் ஓஹையோ மாநிலத்து மருத்துவர் தியோடேட்டஸ் கார்லிக் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார். 1864-ல் சேத் கிரீன் நியூயார்க் மாநிலத்தின் கலிடோனியாவில் பொரிப்பகம் தொடங்கினார்.

கணக்கு மிக எளிமையாகத் தெரிந்தது. ஆற்றில் ஆயிரம் முட்டை போட்டால் தேறுவது ஒன்றிரண்டு. தொட்டியில் வைத்தால் பெரும்பாலானவை பொரிந்துவிடுகின்றன. அப்படியிருக்க ஆற்றை ஏன் நம்ப வேண்டும்?

காரணம் தெரிந்தும் எடுத்த முடிவு

இந்த வரலாற்றில் மிகவும் யோசிக்க வைக்கும் ஆவணம் ஒன்று உண்டு. 1857-ல் வெர்மான்ட் மாநில சட்டமன்றத்துக்காக ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் எழுதிய அறிக்கை அது. சுற்றுச்சூழல் சிந்தனையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று போற்றப்படும் அதே மார்ஷ்தான்.

மீன் ஏன் குறைந்தது என்பதை மார்ஷ் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். காடுகளை வெட்டினார்கள், ஆறுகளுக்கு நிழல் போனது, மண் அரித்து வந்து சேர்ந்தது. மரம் அறுக்கும் ஆலைகளுக்காக அணை கட்டினார்கள்; மீன் ஏறும் வழி அடைபட்டது. ஆலைக் கழிவு தண்ணீரில் கலந்தது. இதெல்லாம் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் தீர்வு என்று வரும்போது, ஆலைகளை மூடவும் முடியாது, காட்டைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது என்ற நிலையில் செயற்கை முறையில் மீன் வளர்ப்பதையே அவர் பரிந்துரைத்தார்.

நோய் என்னவென்று தெரிந்த வைத்தியரே, மருந்து கசக்கும் என்பதால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த கதை இது. மார்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைய சூழ்நிலையில் அதுதான் நடக்கக்கூடிய காரியமாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு வழி திறந்துவிட்டது. ஆற்றைக் கெடுத்தாலும் பரவாயில்லை, மீனைத் தயாரித்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்த வழி.

ரயிலேறிய மீன்கள்

1871-ல் அமெரிக்க மத்திய அரசு மீன்வள ஆணையத்தை ஏற்படுத்தி ஸ்பென்சர் பேர்டைத் தலைவராக்கியது. அடுத்த வருடமே லிவிங்ஸ்டன் ஸ்டோன் கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் சால்மன் முட்டை சேகரிக்கும் நிலையம் அமைத்தார். சில வருடங்களில் அந்த ஆற்றின் ரெயின்போ டிரவுட் முட்டைகளும் நாடெங்கும் போகத் தொடங்கின. 1883-ல் ஜெர்மனியிலிருந்து ஃபான் பேர் என்ற பிரபு அனுப்பிய பிரவுன் டிரவுட் முட்டைகள் நியூயார்க்கில் ஃப்ரெட் மேதரிடம் வந்து சேர்ந்தன. மறு வருடம் அவற்றின் குஞ்சுகள் மிச்சிகன் மாநிலத்து ஆற்றில் விடப்பட்டன. மீன்களை ஏற்றிச் செல்வதற்கென்றே தனி ரயில் பெட்டிகள் ஓடின.

இது அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1864-ல் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் ஐஸுக்கு நடுவே வைத்து அனுப்பப்பட்ட முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போயின. நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் இன்று ரெயின்போ டிரவுட் இருக்கிறது என்றால், ஆங்கிலேயர்கள் அங்கேயும் பொரிப்பகம் கட்டி மீன் விட்டதுதான் காரணம். வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் தூண்டிலும் போனது, தூண்டில் போன இடமெல்லாம் டிரவுட்டும் போனது.

லாரி வரும் நாள்

தொடக்க காலத்தில் விடப்பட்டவை பெரும்பாலும் சின்னக் குஞ்சுகள். பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. வீட்டுக்கு வீடு கார் வந்தது. விடுமுறை என்றால் ஆற்றங்கரை என்றானது. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம், தூண்டில் சாமான்கள் மேல் விதித்த வரியை மீன்வள வேலைகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பணமும் வந்தது, கூட்டமும் வந்தது.

குஞ்சுக்குப் பதிலாக, பிடித்தவுடன் சட்டியில் போடுகிற அளவுக்கு வளர்ந்த மீனையே இப்போது விடத் தொடங்கினார்கள். சிமென்ட் தொட்டியில் தீனி போட்டு வளர்த்து, தொட்டி லாரியில் கொண்டுவந்து பாலத்தடியில் கொட்டுவார்கள். லாரி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு பின்னாலேயே வருகிற கூட்டமும் உண்டு. அதே நாளில், அதே வாரத்தில் பாதி மீன் தூண்டிலுக்குப் போய்விடும். மிச்சம் இருப்பதில் பெரும்பகுதி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது. அடுத்த வருடம் மறுபடியும் லாரி வர வேண்டும்.

இதில் யாருக்கும் நஷ்டம் இருப்பதாகத் தோன்றவில்லை. தூண்டில்காரருக்கு மீன் கிடைத்தது. ஊர்க் கடைக்காரருக்கு வியாபாரம் நடந்தது. மீன்வளத் துறைக்கு 'இந்த வருடம் இத்தனை மீன் விட்டோம்' என்று அறிக்கையில் எழுத ஒரு எண் கிடைத்தது. ஆற்றில் ஏற்கெனவே இருந்த மீனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. 1959-ல் மிச்சிகனின் ஆ சாபிள் ஆற்றங்கரையில் சிலர் கூடி 'டிரவுட் அன்லிமிடெட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பண்ணை மீனைக் கொட்டுவதை விட ஆற்றைக் கவனியுங்கள் என்பதுதான் அவர்கள் வாதம். ஆனால் வாதத்துக்கு எண்களின் பலம் வேண்டுமே! அந்த எண்கள் மேடிசன் ஆற்றிலிருந்து வந்தன.

எண்ணிப் பார்த்தவர்

மேடிசன் ஆறு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பிறந்து, மொன்டானாவில் வடக்கு நோக்கி ஓடி, கடைசியில் மிசௌரி ஆறாக மாறும் மூன்று ஆறுகளில் ஒன்று. பெரிய பெரிய டிரவுட்டுகளுக்குப் பேர் போனது. அதன் மேல்பகுதியில் ஹெப்கென் என்ற அணை இருக்கிறது.

1960-களின் பிற்பகுதியில் டிக் வின்சென்ட் என்ற மாநில அரசின் மீன்வள ஆய்வாளர் இந்த ஆற்றில் மீன் கணக்கெடுக்கத் தொடங்கினார். தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் மீன் சில நொடிகள் மயங்கி மிதக்கும். அதை எடுத்து அளந்து, அடையாளம் இட்டுத் திரும்ப விட்டுவிடுவார்கள். மறுபடி பிடிக்கும்போது அடையாளம் உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பார்த்தால் மொத்த மீன் எவ்வளவு என்று கணக்கிடலாம்.

வின்சென்ட் முதலில் தேடியது பண்ணை மீன் பிரச்சினையை அல்ல. அணையிலிருந்து தண்ணீர் குறைவாக விடும் காலத்தில் மீன்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அணையை நடத்திய மின் நிறுவனத்துடன் பேசி நீரோட்டம் சீராக்கப்பட்டது. ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பெருகியது. ஆனால் வார்னி என்ற பகுதியில் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. தண்ணீர் அதே தண்ணீர், ஆறு அதே ஆறு. பிறகு என்ன வித்தியாசம்? வார்னி பகுதியில் வருடா வருடம் பண்ணை மீன் விட்டுக்கொண்டிருந்தார்கள்!

இது சந்தேகம்தான், நிரூபணம் அல்ல. அதனால் ஒரு சோதனை நடந்தது. வார்னி பகுதியில் மீன் விடுவதை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே ஓடும் ஓடெல் ஓடையில், அதுவரை மீன் விடாத இடத்தில், விடத் தொடங்கினார்கள். இரண்டு இடங்களிலும் ஒவ்வொரு வருடமும் எண்ணினார்கள்.

விளைவு பளிச்சென்று இருந்தது. மீன் விடுவதை நிறுத்திய வார்னி பகுதியில் சில வருடங்களில் வளர்ந்த பிரவுன் டிரவுட் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஆற்றிலேயே பிறந்த ரெயின்போ டிரவுட் அதைவிடப் பல மடங்கு பெருகியது. மீன் விடத் தொடங்கிய ஓடெல் ஓடையிலோ, அங்கே இருந்த பிரவுன் டிரவுட் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மீன் சேர்க்கச் சேர்க்க மீன் குறைந்தது. சேர்ப்பதை நிறுத்தியதும் பெருகியது.

ஏன் இப்படி?

ஆற்றில் பிறந்த டிரவுட் மிகச் சிக்கனமான பிராணி. ஒரு கல்லுக்குப் பின்னால், வேகம் குறைந்த தண்ணீரில் நின்றுகொள்ளும். பக்கத்தில் ஓடும் நீரில் பூச்சி வந்தால் டக்கென்று போய்ப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடும். நீந்துவதில் செலவாகும் சக்தியைவிடச் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தி அதிகமாக இருந்தால்தான் அது வளரும். வரவு செலவு பார்த்து வாழ்கிற மீன்! எந்தக் கல் யாருக்கு என்பதில் அவற்றுக்குள் ஒரு ஒழுங்கும் உண்டு.

பண்ணை மீனுக்கு இது எதுவும் தெரியாது. அது வளர்ந்தது கல்லே இல்லாத தொட்டியில், ஆயிரக்கணக்கான மீன்களோடு இடித்துக்கொண்டு. சாப்பாடு மேலிருந்து விழும். ஆற்றில் விட்டதும் அது அங்குமிங்கும் அலையும், எல்லாருடனும் சண்டைக்குப் போகும். பென்சில்வேனியாவின் ஸ்ப்ரூஸ் ஓடையில் ராபர்ட் பாக்மன் கரையில் கோபுரம் அமைத்து மேலிருந்து மீன்களைக் கவனித்து, 1984-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சொன்னார். பண்ணை மீன்கள் அதிகம் அலைகின்றன, அதிகம் மோதுகின்றன, குறைவாகச் சாப்பிடுகின்றன.

அந்தக் கூட்டம் குளிர்காலத்துக்குள் செத்துப்போனாலும், அதற்குள் பழைய குடிகளின் ஒழுங்கைக் குலைத்துவிட்டுத்தான் சாகிறது. ஓடெல் ஓடையில் நடந்ததற்கு இது ஒரு விளக்கம்.

1974

முடிவுகள் வெளியே வந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. லாரி வராவிட்டால் சுற்றுலாப் பயணி வரமாட்டார் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். பொரிப்பகங்களில் வேலை செய்தவர்களுக்குத் தங்கள் உழைப்பே தவறு என்று சொன்னதுபோல இருந்தது. மீன் உரிமத்துக்குப் பணம் கட்டுகிறோம், எங்கள் மீன் எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சின்ன ஊர்களில் ஒரு கோடைக்கால வியாபாரம்தான் வருடம் முழுவதற்கும் சோறு.

ஆனால் அதே வியாபாரிகளில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருந்தார்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் தூண்டில் கடை நடத்திய பட் லில்லி அவர்களில் முக்கியமானவர். ஆற்றில் பிறந்த நல்ல மீன் இருந்தால் ஆட்கள் இன்னும் தூரத்திலிருந்து வருவார்கள், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடப் பழக்கலாம் என்பது அவருடைய பக்கம்.

1974-ல் மாநில ஆணையம் முடிவெடுத்தது. ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மீன் விடுவது தொடரும். டிரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் நிறுத்தப்படும். பயந்தபடி சுற்றுலா படுத்துவிடவில்லை. மேடிசன் ஆற்றுக்கு உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் வருகிறார்கள்.

விடுவதை நிறுத்தியதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1963-லேயே மொன்டானா, சாலை போடும்போது ஆற்றின் போக்கை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்திருந்தது. 1975-ல் தனியாரும் ஆற்றுப் படுகையில் கை வைக்க அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் வந்தது. மீன் தானாக வர வேண்டும் என்றால், வருவதற்கு ஒரு ஆறு இருக்க வேண்டுமே!

சொந்தக்காரன் யார்?

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. மேடிசன் ஆற்றில் காப்பாற்றப்பட்ட பிரவுன் டிரவுட் எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவிலிருந்து. ரெயின்போ? பசிபிக் கடற்கரையை ஒட்டிய ஆறுகளிலிருந்து. இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி மனிதர்கள் கொண்டுவந்து விட்ட மீன்களின் வாரிசுகள். இன்று 'ஆற்று மீன்' என்று கொண்டாடப்படுவதே ஒரு காலத்துப் பண்ணை மீன்தான்!

அந்த ஆற்றின் உண்மையான சொந்தக்காரன் கட்த்ரோட் டிரவுட். தாடைக்குக் கீழே சிவப்புக் கோடு உள்ள மீன். 1805-ல் லூயிஸ், கிளார்க் பயணக் குழுவினர் மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகளுக்கு அருகில் பிடித்தது இதைத்தான். வந்தேறிய மீன்களோடு போட்டியிட முடியாமலும், ரெயின்போவோடு கலந்து கலப்பினமாகியும் அது பழைய எல்லையில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. கலப்படம் இல்லாத கட்த்ரோட் பெரும்பாலும் உயரமான சின்ன ஓடைகளில்தான் ஒதுங்கியிருக்கிறது. மேடிசனின் கிளையான செர்ரி ஓடையில், 2003-லிருந்து பல வருடங்கள் பாடுபட்டு, வெளியூர் டிரவுட்டை மருந்து போட்டு அகற்றிவிட்டு, கட்த்ரோட்டை மறுபடி குடியேற்றினார்கள். அந்த வேலைக்குப் பொரிப்பகத்தின் உதவியும் தேவைப்பட்டது. ஆக, பொரிப்பகம் என்றாலே தீமை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டாவது சோதனை

1994 டிசம்பரில் மொன்டானாவை ஒரு செய்தி உலுக்கியது. மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் ரெயின்போ டிரவுட் சில வருடங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் குறைந்துவிட்டது. காரணம் 'சுழல் நோய்'. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒட்டுண்ணி மீன் குஞ்சின் குருத்தெலும்பைத் தின்றுவிடும். குஞ்சு வாலைத் துரத்துவதுபோல் வட்டமடித்தே செத்துப்போகும். ஐரோப்பாவைச் சேர்ந்த அந்த ஒட்டுண்ணி 1950-களில் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்டது. பண்ணைக்குப் பண்ணை, ஆற்றுக்கு ஆறு மீனைக் கொண்டுபோய் விட்டதுதான் அது நாட்டுக்குள் பரவியதற்குப் பெரிய காரணம்.

இப்போது லாரியைத் திரும்பக் கூப்பிட எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் மொன்டானா கூப்பிடவில்லை. காத்திருந்தது. மேடிசன் ரெயின்போ மெல்ல மெல்ல மீண்டது. ஹாரிசன் ஏரியின் ரெயின்போ டிரவுட் சில தலைமுறைகளிலேயே நோயைத் தாங்கும் சக்தி பெற்றுவிட்டது என்று 2008-ல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த ஆய்வாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே டிக் வின்சென்ட்!

நோயைத் தாங்கத் தெரிந்த மீன் பிழைத்தது, தெரியாதது போனது. பிழைத்ததன் குஞ்சுகளுக்கு அந்தச் சக்தி வந்தது. வருடா வருடம் தொட்டியிலிருந்து புது மீனைக் கொட்டிக்கொண்டே இருந்திருந்தால், அந்தத் தேர்வு அவ்வளவு சுலபமாக நடந்திருக்காது.

ஆறு என்பது முதல். அதில் வருடா வருடம் கிடைக்கும் மீன் வட்டி. முதலைத் தின்றுவிட்டு, வட்டி வரவில்லையே என்று வெளியில் கடன் வாங்கி வட்டிக் கணக்கில் எழுதினால் கொஞ்ச நாள் கணக்கு அழகாகத்தான் இருக்கும். 1857-ல் மார்ஷ் காரணத்தை எழுதி வைத்தார். அந்தக் காரணத்தைச் சரிசெய்வதுதான் வழி என்று ஒரு மாநிலம் முடிவெடுக்க 1974 வரை ஆனது. இடைப்பட்ட 117 வருடங்களில் விடப்பட்ட மீன்களுக்கு ஒவ்வொரு இடத்திலும் கணக்கு இருந்தது. காணாமல் போன மீன்களுக்குத்தான் கணக்கில்லை.